பால் இல்லாத அடுக்களையின் வரவு செலவு

பெங்களூருக்கு அப்பெயர் வந்த விதம் குறித்து இந்நகர மக்கள் சொல்லி மகிழும் கதை ஒன்று உண்டு. வேட்டையில் வழி தவறிய ஹொய்சள மன்னன் வீர வல்லாளனுக்கு மூதாட்டி ஒருத்தி வெந்த பயற்றைக் கொடுத்துப் பசியாற்றினாள் என்றும், நன்றி மறவாத மன்னன் அவ்விடத்துக்கு 'பெந்த காளூரு', அதாவது வெந்த பயற்றின் ஊர், எனப் பெயரிட்டான் என்றும் அக்கதை கூறும். வரலாறு இதற்கு இடம் தரவில்லை. நகரின் தெற்கே பேகூரில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த நடுகல் கல்வெட்டிலேயே பெங்களூரு என்னும் பெயர் காணப்படுகிறது. வல்லாளன் வாழ்ந்ததோ அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து.

கதை பொய்யாயினும் பயறு பொய்யன்று. கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையன்று பசவனகுடி நந்தி கோயிலைச் சுற்றிக் 'கடலேகாய் பரிஷே' என்னும் நிலக்கடலைத் திருவிழா கூடுகிறது. குளிர்காலத்தில் பச்சை மொச்சைக்கென்றே 'அவரேபேளே மேளா' நடைபெறுகிறது. நெடுங்காலம் விசுவேசுவரபுரத்தின் சஜ்ஜன் ராவ் வட்டத்தருகே நடந்த அவ்விழா, அண்மை ஆண்டுகளில் நேஷனல் கல்லூரி மைதானத்துக்கு இடம் பெயர்ந்தது. இந்நகரம் ஆண்டுதோறும் ஆவலுடன் காத்திருக்கும் இவ்விரு விழாக்களும் காய்க்குள் விளையும் இரு பருப்புகளுக்கு உரியவை என்பதை நான் நெடுநாள் கவனித்ததில்லை. என் மகள் கவனிக்க வைத்தாள்.

வீட்டில் எழுந்த வினா

மூன்று ஆண்டுகளுக்கு முன், கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில், பால், தயிர், நெய் ஆகியவற்றை இனி உண்பதில்லை என்று அவள் அறிவித்தாள். நாங்கள் தலைமுறைகளாகச் சைவ உணவினர். ஆகவே இது சிறிய மாற்றமாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவ்வாறு தோன்றவில்லை. "மோர் சாதம் இல்லாமல் சாப்பாடு எப்படியம்மா முடியும்?" என்று என் தாயார் கேட்டார். "கன்றுக்குட்டியின் பாலை அதற்கே விட்டுவிடலாமே பாட்டி" என்றாள் மகள். அன்றிரவு உணவு மேசையில் அதன்பின் பேச்சு எழவில்லை.

விலங்கிலிருந்து பெறும் எதையும் உண்ணாத இம்முறையை ஆங்கிலத்தில் 'வீகன்' என்பர். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சங்கம் அச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தது. தமிழில் நனிசைவம் என்று அழைக்கிறோம். சொல் புதிது, சமையலும் புதிதோ என்பதே எங்கள் வீட்டின் ஐயம்.

வணிகவியல் படித்தவர்களுக்கு ஐயம் எழுந்தால் பேரேட்டைப் புரட்டுவது வழக்கம். ஒரு வாரம் வீட்டில் சமைத்தவற்றையெல்லாம் குறித்து வைத்தேன். இட்லி, தோசை, அடை, சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், துவையல், சுண்டல் என நீண்ட அப்பட்டியலில் பால் சார்ந்த பொருள் வந்த இடங்கள் நான்கே: காலை, மாலைக் காப்பி, உணவின் முடிவில் தயிரோ மோரோ, பருப்பின்மீதும் பொங்கலிலும் நெய், ஞாயிற்றுக்கிழமைப் பாயசம். எஞ்சியவை அனைத்தும் முன்பே நனிசைவம். புதிதாகக் கற்க வேண்டியது ஒரு சமையற்கலை அன்று. நான்கு இடங்களுக்கான மாற்று மட்டுமே.

நான்கு மாற்றுகள்

பாயசம் எளிதில் தீர்ந்தது. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பாசிப்பருப்புப் பாயசம் நம் பாட்டிமார் அறிந்ததே. நெய்யின் இடத்தில் பருப்புப்பொடிக்கு நல்லெண்ணெயும், பொங்கலுக்குத் தேங்காயெண்ணெயில் வறுத்த முந்திரியும் மிளகும் வந்தன. காப்பிதான் பிடிவாதம் காட்டியது. சோயாப்பால் சூடான காப்பியின் புளிப்பில் சில வேளைகளில் திரிந்துவிடும். தேங்காய்ப்பால் தன் மணத்தை விட்டுக்கொடுக்காது. இறுதியில் மகள் பனைவெல்லம் சேர்த்த சுக்குக் காப்பிக்கு மாறினாள்.

தயிருக்கு நிலக்கடலை கைகொடுத்தது. ஒரு குவளை பச்சை நிலக்கடலையை ஏழெட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்க வேண்டும். பூஞ்சை பிடித்த பருப்பு ஒன்றிருந்தாலும் அப்புறப்படுத்துவது அவசியம். மூன்று குவளை நீர் விட்டு நைய அரைத்து, துணியில் வடிகட்டி, அடிபிடிக்காமல் கிளறியவாறு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆறியதும் காம்போடு கூடிய பச்சை மிளகாய் ஆறேழு போட்டு மூடி வைக்கலாம். மிளகாய்க் காம்பில் இயற்கையாகவே உள்ள நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்கச் செய்கின்றன. முதல் தயிர் சற்றுத் தளர்வாகவே இருக்கும். அதிலிருந்து எடுத்த உறையால் தோயும் அடுத்த தயிர் தேறிவிடும். கடுகும் இஞ்சியும் கறிவேப்பிலையும் தாளித்த மோராக அதை என் தாயாரிடம் கொடுத்தோம். ஒரு வாய் பருகியவர், "மோர் என்று சொல்லமாட்டேன், ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

கடைகளில் கிடைக்கும் பாதாம், ஓட்ஸ் பானங்களை நாடினால் பசும்பாலைப்போல் சில மடங்கு விலை கொடுக்க நேரும். வீட்டில் அரைக்கும் நிலக்கடலைப் பாலுக்கு அச்செலவு இல்லை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும்.

கன்னட மண்ணின் கொடை

இங்கே வாழும் தமிழர்களுக்கு அண்டை வீட்டு அடுப்பும் ஒரு பள்ளிக்கூடம். தென் கர்நாடகத்தின் ராகி முத்தெ, அதாவது கேழ்வரகுக் களி, ராகி மாவும் நீரும் மட்டுமே கொண்டது. அதனுடன் பரிமாறும் 'பஸ்ஸாரு' சிக்கனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. பயற்றையும் கீரையையும் ஒன்றாக வேகவைத்து நீரை வடித்துவிடுவர். வெந்ததில் ஒரு பிடியை எடுத்துத் தேங்காய், மிளகு, பூண்டு, வறுத்த மிளகாய் ஆகியவற்றுடன் அரைத்து அந்நீரில் கொதிக்கவிட்டால் சாறு. எஞ்சிய பயறும் கீரையும் தாளித்தால் பொரியல். ஒரே கொதியில் இரு பதார்த்தங்கள் அமைகின்றன. கீரை வெந்த நீரின் சத்தும் வீணாவதில்லை.

கேழ்வரகு உற்பத்தியில் நாட்டின் முதல் மாநிலம் கர்நாடகம். இந்தியாவின் முன்மொழிவை ஏற்று 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நகரத்து உணவகங்கள் பலவும் ராகியை மீண்டும் நினைவுகூர்ந்தன. கிராமத்து அடுக்களைகளோ அதை ஒருபோதும் மறந்ததில்லை.

சத்துக் கணக்கு

பால் நீங்கிய வீட்டில் முதலில் எழும் கவலை புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். 100 கிராம் பருப்பு வகைகளில் ஏறத்தாழ 22 கிராமும், 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராமும், 250 கிராம் அரிசி அல்லது ராகியில் 20 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் கிடைக்கும். தேவை ஏறத்தாழ நிறைவேறிவிடும். தானியத்தில் குறையும் லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் உண்டு. பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் உண்டு. சோறும் சாம்பாரும், களியும் பயற்றுச் சாறும் இணைவதன் பயன் இதுவே. சாம்பாரில் பருப்பு மிதக்குமளவு போட்டால் போதும் என்று எண்ணும் வீடுகளில்தான் இக்கணக்கு தவறும்.

சுண்ணாம்புச்சத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 360 மில்லிகிராமும், 100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராமும் உண்டு. ராகி பாலினும் மும்மடங்கு சிறந்தது என்று இதைக்கொண்டு முடிவு கட்டுவது பிழையாகும். ஒரு வேளைக்கு நாம் உண்பது 50 அல்லது 60 கிராம் ராகி மாவு. பருகுவதோ 200 மில்லிலிட்டர் பால். மேலும் ராகியில் உள்ள ஃபைட்டிக் அமிலம் சுண்ணாம்புச்சத்து உடலில் சேர்வதை ஓரளவு தடுக்கிறது. முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அத்தடையைக் குறைக்கும். நாளொன்றுக்கு வேண்டிய 1000 மில்லிகிராமை எட்ட ராகியுடன் எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கொள்ளு ஆகியவையும் முறைவைத்து உணவில் இடம்பெற வேண்டும். நிலக்கடலைத் தயிர் நாவுக்குத் தயிர். எலும்புக்குத் தயிர் அன்று.

இரும்புச்சத்துக்கும் எளிய வழி உண்டு. கீரையோடும் பயற்றோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அது உடலில் நன்கு சேரும். உணவு முடிந்தவுடன் காப்பி, தேநீர் பருகினால் சேர்வது குறையும்.

நான் எழுத மறந்த இனம்

இவ்வளவு கணக்குப் பார்த்தும் ஓர் இனத்தை நான் எழுதவே இல்லை. இரண்டாம் ஆண்டின் நடுவில் மகள் மாடிப்படி ஏறினாலே களைத்துப் போனாள். கால்விரல்களில் மரமரப்பு இருப்பதாகச் சொன்னாள். இரவெல்லாம் விழித்துப் படிப்பதன் விளைவு என்று கடிந்துகொண்டேன். மரமரப்பு நீங்காத நிலையில் மருத்துவரிடம் சென்றோம். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருப்பது தெரிய வந்தது.

பி12ஐ உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றின் வழியே அது நம்மை அடைகிறது. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் அது இல்லை. புளித்த இட்லி மாவோ, முளைகட்டிய பயறோ, கீரையோ அக்குறையை நிரப்பா. ஒரு நாளின் தேவை 2.2 மைக்ரோகிராம் மட்டுமே. கல்லீரலில் அது சேமித்து வைக்கப்படுவதால், வரவு நின்றபின்னும் பல மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகள், எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. வைப்பு கரைவது தெரியாமல் செலவு செய்துகொண்டிருக்கும் கணக்கைப் போன்றது அது. பாலை மட்டுமே நம்பியிருந்த எங்கள் வீட்டில் அவ்விருப்பு முன்பே குறைவாக இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். இன்னும் காலம் தாழ்த்தியிருந்தால் நரம்புகளுக்கு நேரும் பாதிப்பு முழுமையாக நீங்காமலும் போகக்கூடும் என்று அவர் கூறியபோது, நான் கடிந்துகொண்ட சொற்கள் நினைவுக்கு வந்தன.

முதலில் ஊசியும் பின்னர் மாத்திரையுமாகச் சிகிச்சை நடந்தது. சில மாதங்களில் மரமரப்பு அகன்றது. இம்மருந்து நுண்ணுயிர் நொதித்தல் முறையில் தயாரிக்கப்படுவதால் மகளின் கொள்கைக்கும் ஊறு நேரவில்லை. விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டின் உறை கொண்ட மாத்திரைகளை மட்டும் அவள் தவிர்த்தாள்.

அன்று மருத்துவர் என் தாயாரையும் பரிசோதிக்கச் சொன்னார். நீரிழிவுக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்குப் பி12 குறையக்கூடும் என்பதே காரணம். நாள்தோறும் பாலும் மோரும் பருகும் அவருக்கும் அளவு குறைவாகவே இருந்தது. ஆகவே இது நனிசைவத்துக்கு மாறுவோருக்கு மட்டும் உரிய எச்சரிக்கை அன்று. முதியோரும், நெடுநாள் நீரிழிவு மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்டு ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நலம். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் பால் சார்ந்த உணவை விலக்குவதாயின் மருத்துவ ஆலோசனையின்றித் தொடங்கவே கூடாது.

கடையில் கவனிக்க

பொட்டலத்தின் பச்சைப் புள்ளி சைவ உணவு என்பதை மட்டுமே குறிக்கும். பாலும் தேனும் அதில் அடங்கும். விலங்குப் பொருள் அறவே இல்லாத உணவுக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022இல் தனி விதிமுறைகளை வெளியிட்டது. 'வி' என்னும் ஆங்கில எழுத்தின்மேல் இலை துளிர்க்கும் பச்சை முத்திரை அதன் அடையாளம். முத்திரை இல்லாத பிஸ்கட், ரொட்டி, சாக்லேட் ஆகியவற்றில் மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசின் ஆகிய பெயர்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தாவரப் பானங்களை வாங்குவோர் அவற்றில் சுண்ணாம்புச்சத்தும் பி12உம் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பதையும் படித்தறிவது நன்று.

பாலை முற்றிலும் விலக்க விரும்பாதவர்களும் வாரத்தில் இரண்டொரு நாட்களைத் தாவர உணவுக்கு ஒதுக்கிப் பார்க்கலாம். ஒரு வாரம் உங்கள் வீட்டுச் சமையலைக் குறித்து வாருங்கள். மாற்ற வேண்டியவை நீங்கள் எண்ணியதினும் குறைவாகவே இருக்கும்.

சென்ற மார்கழியில் மேளாவிலிருந்து இரண்டு கிலோ பச்சை மொச்சை வாங்கி வந்தோம். உரித்து, இரவு நீரில் ஊறவைத்த மொச்சையைப் பாட்டியும் பேத்தியும் மறுநாள் எதிரெதிரே அமர்ந்து பிதுக்கினார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பிதுக்குப் பருப்பு என்றும் பெங்களூரில் 'ஹிதகித பேளே' என்றும் சொல்வது இதைத்தான். தேங்காய் அரைத்துவிட்ட அக்குழம்பு இருவருக்கும் ஒன்றே. உணவின் முடிவில் பாட்டிக்குப் பசுமோர், பேத்திக்குக் கடலை மோர். மேசையில் உப்புக் கிண்ணத்தருகே இருக்கும் பி12 மாத்திரைப் பட்டை மட்டும் இருவருக்கும் பொது. யாருக்கு முதலில் நினைவு வருகிறதோ அவர் மற்றவருக்கு எடுத்துக் கொடுக்கிறார்.