மணிக்கட்டு வலிக்கு மருந்தில்லா வைத்தியம்!

வழுக்கி விழுகிறவர் முதலில் கையைத்தான் ஊன்றுவார். உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிடும்.

வயதான பெண்களுக்கு இது அதிகம். மாதவிடாய் நின்றபின் எலும்பின் பலம் குறைவதே காரணம்.

டப்ளின் நகர டாக்டர் ஆபிரகாம் காலிஸ் 1814-ம் ஆண்டிலேயே இந்த முறிவைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே வந்ததோ 1895-ல்!

எலும்பு விலகியிருந்தால் இப்போது ஆபரேஷன் செய்து, தகடு வைத்துத் திருகாணியால் இறுக்குகிறார்கள். கையை மரக்கச் செய்யும் ஊசியின் வேகம் தணிந்ததும் வலி ஒரேயடியாகக் கிளம்பும். டாக்டர் கொடுத்த மாத்திரையை அன்று ஒதுக்கக் கூடாது. ஆனால் மாத்திரை மட்டும் போதாது.

கை தொங்கலாமா?

தொங்கினால் வீங்கும், வீங்கினால் வலிக்கும். படுக்கும்போது தலையணைகளை அடுக்கி, கையை நெஞ்சுக்கு மேலே வைக்க வேண்டும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைக்கலாம். கட்டு நனையக் கூடாது. கை மரத்திருக்கும்போது ஐஸ் வேண்டாம். தோல் புண்ணாவது தெரியாது.

"அசைக்காதே!"

வீட்டில் ஆளுக்கு ஆள் இப்படித்தான் தடுப்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அதுவே வினை!

கட்டு மணிக்கட்டுக்கு, விரலுக்கு அல்ல. டாக்டர் சம்மதித்ததும், விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை, பத்து முறை விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். முழங்கையையும் தோளையும் மறக்கக் கூடாது. மதுரையில் மல்லிகைச் சரம் தொடுப்பவருக்கும், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவருக்கும் விரல்தானே சோறு போடுகிறது? விறைத்த விரலில் நார் நிற்காது.

தமிழர் கண்ட கண்ணாடி

சிலருக்கு எலும்பு கூடிய பிறகும் வலி போகாது. கை வியர்க்கும், நிறம் மாறும், துணி பட்டாலே எரியும். நரம்பும் மூளையும் செய்யும் குழப்பம் இது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் கலிபோர்னியாவில் ஒரு வழி கண்டார். கையை இழந்தும் "அந்தக் கை வலிக்கிறது" என்று துடித்தவர்கள் முன் கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருக்கும் இடத்தில் தெரிந்தது. அதை அசைக்க அசைக்கச் சிலருக்கு வலி தணிந்தது.

மணிக்கட்டு முறிந்தபின் வரும் தீராத வலிக்கும் இதே முறையைச் சில இடங்களில் கையாளுகிறார்கள். பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. செலவோ ஒரு கண்ணாடிதான்!

உடனே ஓடுங்கள்

விரல் நீலமானாலோ, மரத்துப்போனாலோ, நீட்டினால் உயிர் போவதுபோல் வலித்தாலோ தலையணையும் ஐசும் உதவா. கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். மேலூரோ திருமங்கலமோ, நடு இரவானாலும் விடியும் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.