கயிறும் கருணையும்

திருவெண்ணெய்நல்லூர் என்றவுடன் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது சுந்தரமூர்த்தி நாயனாரின் சரித்திரம். புத்தூரில் மணக்கோலத்துடன் இருந்த நம்பியாரூரரை, ஓலையும் கையுமாக வந்த கிழவேதியர் ஒருவர் தம் அடிமை என்று வழக்காடித் தடுத்தார். வழக்குத் தீர்ந்தது திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில். வந்த முதியவர் அவ்வூர் அருட்டுறையில் எழுந்தருளிய பெருமானே என்பது பின்னர் விளங்கிற்று. 'தடுத்தாட்கொண்ட' வரலாறு என்று பெரியோர் இதனைக் கூறுவர். தடுத்ததும் அருளின் செயலே என்பது அதன் உட்பொருள்.

அந்த ஊரைச் சுற்றியுள்ள நெல் வயல்களையும் கரும்புத் தோட்டங்களையும், அவற்றின் நடுவே வாய் திறந்து கிடக்கும் கிணறுகளையும் நினைக்கும்போது, அப்பொருள் உலக வாழ்க்கைக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் கிணற்றில் தவறி விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூக்குரல் எழுகிறது, நாலா பக்கமிருந்தும் ஜனங்கள் ஓடி வருகிறார்கள். யாரோ தாம்புக்கயிற்றை வீசுகிறார். யாரோ சுருக்குப் போட்டு இடுப்பில் மாட்டச் சொல்கிறார். பத்துப் பேர் சேர்ந்து இழுக்கிறார்கள். அவர்களுடைய மனம் பொன் போன்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் விழுந்தவருடைய முதுகெலும்பு முறிந்திருந்தால், வீழ்ச்சியில் தப்பிய பிராணன் இழுப்பில் போய்விடக்கூடும். பிராணன் தப்பினாலும், எலும்பினுள்ளே செல்லும் நரம்புத் தண்டு அறுபட்டால், அவர் ஆயுள் முழுவதும் எழுந்து நடக்க முடியாமற் போகலாம். ஆகையால், கயிறு எடுத்தவர் கற்கவேண்டிய முதற் பாடம் இழுப்பது அன்று, நிற்பது.

இது பட்டணத்துத் தீயணைப்பு வீரர்களுக்கு மட்டும் உரிய வித்தை என்று நம் நேயர்கள் ஒதுக்கிவிடலாகாது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணை இரு கரையும் புரண்டது. அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் ஏறிப் போக்குவரத்தே நின்றது. அத்தகைய நாளில் வெளியூர் உதவி வந்து சேரும் வரையில் ஊராருக்கு ஊரார்தாம் துணை. கையிலிருக்கும் கயிறுதான் கருவி.

நிற்க. கிணற்றங்கரைக்குத் திரும்புவோம். முதலில் மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். ஒருவர் உடனே தீயணைப்பு மீட்புத் துறைக்கு 101 என்ற எண்ணிலும், மருத்துவ வண்டிக்கு 108 என்ற எண்ணிலும் செய்தி சொல்லவேண்டும். 112 என்ற பொது எண்ணும் உண்டு. பிறகு விழுந்தவரோடு பேசவேண்டும். அவர் மறுமொழி சொல்கிறாரா, கைகால்களை அசைக்க முடிகிறதா, எங்கே வலி என்று கேட்டறிய வேண்டும். தண்ணீரில் தத்தளிப்பவராயின், வாய் கட்டிய காலிக் குடத்தையோ, காற்றடைத்த ரப்பர் குழாயையோ கயிற்றில் கட்டி இறக்கி, மிதக்கச் செய்வதே முதற் காரியம். மிதந்து மூச்சு விடுகிறவரைக் கரையேற்ற அவகாசம் உண்டு.

எவரும் யோசியாமல் உள்ளே குதிக்கலாகாது. நெடுநாள் புழங்காத கிணற்றின் அடியில் பிராணவாயு குறைந்து, கரியமில வாயுவோ வேறு நச்சு வாயுவோ தங்கியிருக்கலாம். ஒருவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவர் மயங்க, மூன்றாமவரும் பின்தொடர்ந்து உயிரிழந்த துயரங்கள் நம் நாட்டில் பல. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையை முற்றும் நம்புவதற்கில்லை. எல்லா நச்சு வாயுவும் விளக்கை அணைப்பதில்லை. சில வாயுக்கள் தாமே தீப்பற்றக்கூடியவை. அத்தகைய கிணற்றில் சுவாசக் கருவியுடன் வரும் தீயணைப்பு வீரரே இறங்கத் தக்கவர்.

இனிக் கயிற்றைப் பற்றிச் சொல்வோம். தேங்காய்நார்க் கயிறு ஈரத்தில் கிடந்து உள்ளே உளுத்திருக்கலாம். நைலான் கயிறு வெயிலில் கிடந்து வலுவிழந்திருக்கலாம். முழு நீளத்தையும் கையால் தடவிப் பார்த்து, நாலு பேர் தரையில் நின்று இழுத்துச் சோதித்த பின்னரே மனித உயிரை அதில் தொங்கவிடலாம். மீட்புப் படையினர் கொள்ளும் கயிறு 11 மில்லிமீட்டர் கனமே உள்ளதாயினும், 2 டன்னுக்கு மேல் தாங்கவல்லது. எந்தக் கயிறானாலும் முடிச்சு விழுந்த இடத்தில் அதன் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

முடிச்சிலும் நல்லது தீயது உண்டு. இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு மார்பை நெரித்து மூச்சை அடைக்கும். அது மனிதருக்கு ஆகாது. மாலுமிகளும் சாரணர்களும் போடும் 'போலைன்' முடிச்சு இறுகாத வளையத்தைத் தரும். அடிபடாமல் நினைவோடு இருப்பவரை ஏற்ற இரு வளையங்கள் வேண்டும். ஒன்று அக்குளுக்குக் கீழே முதுகைத் தாங்க, மற்றொன்று முழங்காலின் பின்புறத்தைத் தாங்க, அவர் நாற்காலியில் அமர்ந்தாற்போல் வந்துவிடுவார். ஒற்றை வளையத்தில் நெடுநேரம் தொங்குவதோ, நல்ல தேகமுள்ளவரையும் மயக்கமுறச் செய்யும்.

கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை எக்காரணத்தாலும் உட்கார்த்தித் தூக்கலாகாது. அவரைப் படுத்த நிலையிலேயே ஏற்றவேண்டும். அவர் கிடக்கும் இடத்தில் மூழ்கும் பயமும் மண் சரியும் பயமும் இல்லையானால், மீட்புப் படை வரும் வரையில் அசைக்காமல், தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தைரியம் சொல்லியிருப்பதே பெரிய உபகாரம். அப்படிக் காத்திருக்க இயலாத சமயத்தில் நம் வீட்டுக் கயிற்றுக் கட்டில் கைகொடுக்கும். அதன்மேல் ஒரு பலகையை வைத்துக் கட்டி, நான்கு மூலைகளிலும் சம நீளமான கயிறுகளைப் பிணைத்து இறக்கவேண்டும். கீழே ஒருவர் தலையைப் பிடிக்க, இருவர் தோளையும் இடுப்பையும் பிடித்து, மரத்துண்டை உருட்டுவதுபோல் உடலை ஒரே கோட்டில் திருப்பிப் பலகையில் கிடத்தவேண்டும். தலையின் இரு புறமும் துணிச்சுருளை அணைத்து, அகலமான துணியால் மார்பு, இடுப்பு, கால் மூன்றையும் கட்டிய பிறகே மேலே குரல் கொடுக்கவேண்டும்.

இந்த முறையை மேல்நாட்டார் மட்டும் கண்டதாக எண்ணவேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கப்பல்களில் புழக்கத்துக்கு வந்த 'நீல் ராபர்ட்ஸன்' தூக்குப் படுக்கை, ஜப்பானியரின் மூங்கில் படுக்கையைப் பார்த்துச் செய்யப்பட்டது. கித்தானும் மூங்கிற் பட்டைகளுமே அதன் உறுப்புக்கள். இரண்டும் நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பவைதாமே!

தூக்குவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கிணற்று ராட்டினம் ஒன்று மட்டும் இருந்தால் இழுக்கும் திசை மாறுமே தவிரப் பாரம் குறையாது. சுமையோடு சேர்ந்து நகரும் ராட்டினம் ஒன்றை அமைத்தால் பாரம் பாதியாகும். சுமையைத் தாங்கும் கயிற்று இழைகள் மூன்றானால் 60 கிலோ எடை 20 கிலோ போலாகும்; உராய்வினால் சற்றுக் கூடலாம். அதற்கு ஈடாக, ஒரு மீட்டர் ஏற்ற மூன்று மீட்டர் கயிறு இழுக்கவேண்டும். மெதுவாக ஏறுவது குறையன்று, அதுவே பாதுகாப்பு. இழுக்கும் கயிற்றோடு, மரத்தைச் சுற்றிய காப்புக் கயிறு ஒன்றும் எப்போதும் இருக்கவேண்டும். பழைய கைப்பிடிச் சுவரிலோ மோட்டார்க் குழாயிலோ கயிற்றைக் கட்டலாகாது. உறுதியான மரமே நம்பத் தக்கது. கயிறு கல்லில் உரசும் இடத்தில் கோணிச் சாக்கை மடித்து வைக்கவேண்டும். டிராக்டரில் கட்டி இழுப்பது பெரும் அபாயம். கட்டிலின் கால் கல்லில் மாட்டிக்கொண்டதை மனிதனின் கை உணரும், இயந்திரம் உணராது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. கட்டளையிடுபவர் ஒருவராகவே இருக்கவேண்டும். 'இழு' என்று சொல்ல அவர் ஒருவருக்கே உரிமை. ஆனால் 'நில்' என்று சொல்ல அங்குள்ள சிறுவனுக்கும் உரிமை உண்டு. அச்சொல் காதில் விழுந்ததும் அனைவரும் நின்றுவிட வேண்டும்.

கயிற்றால் ஆகாத காரியமும் உண்டு என்பதை நாம் கண்ணீரோடு அறிவோம். 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் ஒரு சிறு குழந்தை விழுந்தது. முதலில் 26 அடியில் சிக்கியிருந்த குழந்தை, முயற்சிகளின் நடுவே மேலும் ஆழத்துக்கு நழுவிவிட்டது. 29ஆம் தேதி 88 அடி ஆழத்திலிருந்து சடலமாகவே எடுக்க முடிந்தது. தமிழ்நாடே உறங்காமல் காத்திருந்த அந்த இரவுகளை யார் மறப்பார்கள்? அப்படிப்பட்ட குழிக்குச் சிறந்த மீட்பு முறை, பயனற்றுப்போன அன்றே மூடிவிடுவதுதான்.

ஆனால் நிதானமும் துணிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பாரத நாட்டிலேயே சான்று உண்டு. 1989 நவம்பரில் வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரி வயலில், மஹாபீர் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்தது. உள்ளே 65 தொழிலாளர் உயிரோடு சிக்கிக்கொண்டனர். ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் மேலிருந்து புதிய துளையிடச் செய்து, ஓர் ஆள் நிற்கும் எஃகுக் கூண்டைச் சமைத்து, இரும்பு வடத்தில் கட்டித் தாமே உள்ளே இறங்கினார். ஒருவர் பின் ஒருவராக 65 பேரும் வெளிச்சத்தைக் கண்டார்கள். அவசரப்பட்டு ஒரே தடவையில் இருவரை ஏற்ற எண்ணியிருந்தால் என்னாகியிருக்கும்!

நம் கிராமங்களில் இளைஞர் சங்கங்களுக்குக் குறைவில்லை. பள்ளிகளில் சாரணர் படையும் இருக்கிறது. ஊருக்கு ஒரு நல்ல கயிறு, இரண்டு ராட்டினம், ஒரு பலகை ஆகியவற்றை ஓரிடத்தில் பத்திரமாக வைத்து, மாதம் ஒரு நாள் 60 கிலோ மணல் மூட்டையை ஏற்றி இறக்கிப் பழகினால் போதும். பழகும்போது மனிதரைத் தொங்கவிட வேண்டாம். தீயணைப்பு நிலையத்தார் ஒருவரை அழைத்துக் கற்றுக்கொள்வது இன்னும் உத்தமம். வீட்டுப் பெண்மணிகளும் இதனை அறிந்திருப்பது அவசியம். ஆபத்து வரும் வேளையில் ஆண்கள் வயலிலோ வெளியூரிலோ இருக்கலாம் அல்லவா?

அருட்டுறைப் பெருமான் தம் அன்பரைத் தடுத்தே ஆட்கொண்டார். கிணற்றங்கரையில் கூட்டம் கூடி, பத்துக் கைகள் கயிற்றைப் பற்றும் அந்தக் கணத்தில், 'நில்லுங்கள், முதலில் அவரோடு பேசுவோம்' என்று சொல்ல ஊரில் ஒருவர் இருப்பாராயின், ஒரு குடும்பத்தின் விளக்கு அணையாமல் நிற்கும். அந்த ஒருவர் நம் நேயர்களில் ஒருவராக இருக்கட்டும்.