ஆறு விநாடி பாக்கி

பிளேக் நோய்க்குப் பயந்து கட்டப்பட்ட பேட்டை பெங்களூரின் பிரேசர் டவுன். அங்கே இன்று முதுமையின் எல்லையை வகுப்பது வாசலில் ஓடும் சாலை.

பிரேசர் டவுனில் ஒருவருக்கு வயதாகிவிட்டது என்பதை முதலில் அறிவிப்பவர் ஆட்டோ டிரைவர். நேற்று வரை 'ஸார்' என்றவர் திடீரென்று ஒரு காலையில் 'எல்லிகெ அஜ்ஜா?' என்கிறார். அதோடு சரி. மாஸ்க் ரோட்டுப் பழக்கடையில் 'சாச்சா', வங்கி கவுன்ட்டரில் 'அங்கிள்', தமிழ் பேசும் பூக்காரம்மாவிடம் 'பெரியவரே'. ஒரே நாளில் நான்கு மொழிகளில் கிழவராகும் வாய்ப்பு எல்லா ஊரிலும் கிடைத்துவிடாது. பெண்கள் பாடு சற்றுத் தேவலை. 'அம்மா' என்பது முப்பதிலும் அம்மா, எண்பதிலும் அம்மா. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டர் 'அஜ்ஜி, நிதானா' என்று சொல்லும் வரை விஷயம் வெளியே வராது.

பெயர் மாறுவது இந்தப் பேட்டைக்கும் புதிதல்ல. 1988ல் பிரேசர் டவுன் புலிகேசி நகர் ஆயிற்று. சட்டமன்றத் தொகுதிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதுவே பெயர். ஆனால் வாயில் வருவது இன்னமும் பிரேசர் டவுன்தான். இதில் தமிழ்ப் பெரியவர்களுக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. கல்கியின் சிவகாமியின் சபதத்தைத் தொடராகவோ புத்தகமாகவோ படித்து வளர்ந்த தலைமுறைக்குப் புலிகேசி என்றால் காஞ்சியை முற்றுகையிட்டவன். வாதாபியை 642 வாக்கில் நரசிம்ம பல்லவன் வீழ்த்தியதோடு அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். இப்போது வீட்டு விலாசத்திலேயே அவன் வந்து உட்கார்ந்திருக்கிறான். பேரப்பிள்ளைகளுக்கு இந்த மனக்குழப்பம் எல்லாம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த புலிகேசி 2006ல் வந்த வடிவேலுதான்.

பிரேசர் என்பவர் ஸ்டூவர்ட் மிட்ஃபோர்டு பிரேசர். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராக இருந்து, பிறகு அதே சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆனவர். 1898ல் பெங்களூரில் பிளேக் பரவியது. சந்து பொந்துகளில் நெருக்கியடித்து வாழ்ந்த மக்கள் வீடு வாசலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் எழும்பின. நகரத்துப் பக்கம் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தன. கன்டோன்மென்ட் பக்கம், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், பிரேசர் டவுன் பிறந்தது. எலி தங்க இடம் தராத வீடு, அகலமான தெரு, தாராளமாக வெளிச்சம், காற்று. இதுதான் திட்டம். இதில் ஈடுபட்ட பொறியாளர் ஜே.எச். ஸ்டீபன்ஸ் பிளேக் புகாத நகரமைப்பு என்ற பொருளில் 1914ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். மனிதர் உடல்நலத்தை மனதில் வைத்துத் தெருவை வரைந்தார்கள் என்பது இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

தமிழர்கள் அதற்கும் முன்பே வந்தவர்கள். 1809ல் கன்டோன்மென்ட் அமைந்தபோது மதராஸ் ராஜதானியிலிருந்து சிப்பாய்களின் பின்னால் காண்ட்ராக்டர்கள், கொத்தனார்கள், சமையல்காரர்கள், வியாபாரிகள் வந்தார்கள். 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்த பிறகு வரவு இன்னும் சுலபமாயிற்று. எம்.எம். ரோடு என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சாலையின் முழுப் பெயர் மாதவராய முதலியார் சாலை. அவர்களுக்குப் பின் வந்த தலைமுறைகள் ரயில்வேக்கும் எச்.ஏ.எல்.லுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உழைத்து, பணிக்கொடையில் மாடி எடுத்து, இப்போது அந்த மாடிக்கு ஏற முடியாமல் கீழே குடியிருக்கின்றன.

வேலையில் இருந்த நாட்களில் இவர்களின் பெங்களூர் பெரிது. ஓய்வுக்குப் பிறகு அது தவணை முறையில் சுருங்குகிறது. முதலில் ஸ்கூட்டர் போகிறது. கண்புரை எட்டிப் பார்த்ததும் இரவில் கார் ஓட்டுவது நிற்கிறது. பிறகு முழங்கால் சொல்கிறபடி பஸ். கடைசியில் மிஞ்சுவது கால் எட்டும் தூரம் மட்டும். அந்த விஷயத்தில் பிரேசர் டவுன்வாசிகள் கொடுத்துவைத்தவர்கள். மசூதி, சர்ச், கோயில், மருந்துக்கடை, கோல்ஸ் பார்க் எல்லாம் நடை தூரத்தில். 1902ல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரி ஒரு பக்கம், 1970ல் வந்த தாம்ஸ் பேக்கரி மறுபக்கம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பேக்கரி வாசலில் யாருக்காக நிற்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: பேரனுக்கு.

கால் எட்டும் தூரத்துக்குள் வாழ்பவர்களுக்கு அதற்குள் நடப்பது எதுவும் தப்புவதில்லை. ஆண்டின் முதல் மாதங்களில் டபேபுயா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும்போது இளைஞர்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். முதியவர்கள் எந்த இடத்தில் சருக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். தூங்குமூஞ்சி மரத்தின் காய் செருப்பில் ஒட்டினால் நடை பிசகும் என்பதும் அவர்களுக்கே தெரிந்த ரகசியம். எந்த வீட்டு நாய் கட்டாமல் இருக்கும், எந்தச் சாக்கடை மூடி ஆடும், எந்தக் கடைக்காரர் கேட்காமலே ஸ்டூலை நகர்த்திப் போடுவார் என்ற பட்டியல் ஒவ்வொருவர் தலையிலும் இருக்கிறது. நகராட்சிப் பொறியாளர்கள் இவர்களை ஒரு நாள் உட்கார வைத்துக் கேட்டாலே பாதிச் சர்வே முடிந்துவிடும். யாரும் கேட்டதில்லை.

பார்க் பெஞ்சுகளும் ஒரு வகை ஆஜர்ப் பட்டியல்தான். வழக்கமாக வருபவர் மூன்று நாள் காணவில்லை என்றால் இரண்டு காரணங்களே சாத்தியம். ஒன்று மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா, அல்லது ஆஸ்பத்திரி. நான்காவது நாள் யாராவது ஒருவர் அந்த வீட்டு மணியை அழுத்துகிறார். பிள்ளைகள் நியூஜெர்ஸியிலும் மெல்போர்னிலும் இருக்கும் வீடுகளில் இந்த மணியோசைக்கு என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. பெங்களூர்ப் பூங்காக்களை முற்பகலில் பூட்டிப் பிற்பகலில்தான் திறக்கும் வழக்கம் பல காலம் இருந்தது. பதினொரு மணி வெயிலில் நிழல் தேடும் வயதினருக்கு அது பெரும் இம்சை. 2024ல்தான் காலை ஐந்து முதல் இரவு பத்து வரை திறந்து வைக்க உத்தரவு வந்தது. பார்க்கப்போனால் சின்ன உத்தரவு. தனியாக இருப்பவர்களுக்கு அது பகலில் நாலைந்து மணி நேரம்.

ஆனால் பார்க்குக்குப் போக சாலையைக் கடக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். சிக்னல்களில் பாதசாரிக்கு எவ்வளவு நேரம் தருவது என்று கணக்கிடும்போது உலகின் பல நாடுகளில் பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் நடைவேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களின் நடையை அளந்த ஆய்வு ஒன்று 2012ல் வெளியானது. ஆண்களின் சராசரி வேகம் விநாடிக்கு 0.9 மீட்டர், பெண்களுடையது 0.8. பெருவாரியான முதியவர்கள் அந்த 1.2ஐ எட்டவே இல்லை. பதினைந்து மீட்டர் அகலச் சாலையை வைத்துக் கணக்குப் போட்டால் விளங்கும். சிக்னல் எதிர்பார்ப்பது பன்னிரண்டரை விநாடி. கையில் பையோடு நடக்கும் ஒரு பாட்டிக்குத் தேவை ஏறக்குறைய பத்தொன்பது. மிச்ச ஆறு விநாடிக்கு அவர் சாலை நடுவில் நிற்கிறார். எதிரே மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கிவிட்டன.

இது சிக்னல் உள்ள இடத்துக் கதை. பிரேசர் டவுனின் உட்தெருக்களில் சிக்னலும் இல்லை, கோடும் இல்லை. ஸ்டீபன்ஸ் காலத்து அகலத்தில் இரு பக்கமும் கார்கள் நிற்கின்றன. நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. நடைமுறையில் சில இடங்களில் நடைபாதை ஏறுவதற்கு முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஏறிய பிறகு பத்தடியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அல்லது யாரோ ஒருவரின் கேட்டுக்குச் சரிவாகப் போட்ட சிமென்ட். இறங்கு. மறுபடி ஏறு. ஆகவே முதியவர்கள் தார்ச் சாலையின் ஓரத்திலேயே நடக்கிறார்கள். இடித்துவிட்டுப் போகும் ஸ்கூட்டர்காரர் 'பிளாட்பாரத்தில போகக்கூடாதா?' என்று திரும்பிப் பார்த்துக் கேட்கிறார். நல்ல நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஆடும் சாக்கடை மூடிக்கு இனி எந்த ஆபீஸில் மனு கொடுப்பது என்பது புதிய கேள்வி.

இடுப்பு எலும்பு முறிந்தால் என்னவாகும் என்பதை இந்த வயதினருக்கு யாரும் விளக்க வேண்டாம். அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் விழுகிறார், ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது, ஆனால் அதற்குப் பின் பார்க் பக்கம் வருவதில்லை. விழுந்ததைவிட, விழுந்துவிடுவோம் என்ற பயம் அதிகம் பேரை வீட்டுக்குள் உட்கார வைக்கிறது. 'வெளியே போகாதீங்கப்பா, ஆன்லைன்ல வரவழைச்சுக்குங்க' என்பது தூர தேசத்துப் பிள்ளைகளின் வாராந்தர உபதேசம். பாலும் காய்கறியும் மருந்தும் உண்மையில் வந்துவிடுகின்றன. வராதது, மருந்துக்கடைப் பையன் பாக்கி சில்லறை தரும்போது கேட்கும் 'சாப்டாச்சா தாத்தா?'

வீட்டுக்குள்ளேயே இருப்பது எப்படி இருக்கும் என்று 2020ல் ஒத்திகை பார்த்தாயிற்று. 65 வயதைக் கடந்தவர்கள் வெளியே வர வேண்டாம் என்று அரசே சொன்ன ஆண்டு அது. நோய்க்கு எதிராகக் காற்றும் வெளிச்சமும் கணக்கிட்டுக் கட்டிய பேட்டைக்கு, நூறாண்டு தாண்டி, இன்னொரு தொற்றுநோய். பழைய பாணி வீடுகளில் திண்ணையும் வராந்தாவும் இருந்ததால் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேச முடிந்தது. மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்காரர்களுக்கு அந்த வசதியும் இல்லை. 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி என்றதும் பலர் நல்ல சட்டையைத் தேடி எடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின் முதல் ஊர்வலம் அல்லவா?

அரசு தரும் சலுகைகளிலும் சில சிரிப்புகள் உண்டு. கணவனும் மனைவியும் சிவாஜி நகருக்குப் பஸ் ஏறுகிறார்கள். 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தின்படி மனைவிக்கு டிக்கெட் பூஜ்யம். கணவர் வயதைக் காட்டும் அட்டையை நீட்டி 25 சதவீதத் தள்ளுபடி வாங்குகிறார். ஐம்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல் முறையாக மனைவி செலவில்லாத பிரயாணி. ரயிலில் அதுவும் இல்லை. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். வேலூருக்கும் ஆம்பூருக்கும் கல்யாணம் காரியங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது எந்தச் சாவுக்குப் போவது, எதற்குப் போனில் விசாரிப்பது என்று தரம் பிரிக்க வேண்டியிருக்கிறது.

வீடு பெரிய கேள்வி. ஓட்டு வீடுகளின் வாசலில் பில்டர்கள் வந்து போகிறார்கள். இரண்டு ஃபிளாட், கொஞ்சம் ரொக்கம் என்பது வழக்கமான பேரம். பிள்ளைகளுக்கு சம்மதம். பெரியவர் மட்டும் மாமரத்தைப் பார்த்தபடி 'யோசிக்கலாம்' என்கிறார். எழுதிக் கொடுத்த பிறகு கவனிக்காமல் விட்டால்? அதற்காகத்தான் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆவது பிரிவு இருக்கிறது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு வாங்கிய சொத்தைப் பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனையைத் தெளிவாக எழுதி வைப்பது புத்திசாலித்தனம். சொந்தப் பிள்ளையிடம் நிபந்தனை போடுவதா என்ற கூச்சத்தில் பெரும்பாலோர் எழுதுவதில்லை. ஆபத்துக்கு நாடு முழுவதற்குமான முதியோர் உதவி எண் 14567. அந்த எண்ணைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அழைத்தால் மானம் போய்விடும் என்று அழைக்காத வீடுகளும் உண்டு.

அந்த ஆறு விநாடிக்கு மட்டும் இவர்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தனியாகக் கடப்பதில்லை. எதிர்ப்பக்கம் போகும் கல்லூரிப் பெண்ணின் நிழலில் ஒட்டிக்கொள்வது, காய்கறி வண்டிக்காரர் தள்ளத் தொடங்கும் வரை காத்திருந்து வண்டியின் மறைவில் நடப்பது என்று பல உத்திகள். இவற்றில் உத்தமமானது பள்ளி விடும் நேரம். அப்போது கையைக் காட்டி வண்டிகளை நிறுத்த யாராவது ஒருவர் இருப்பார். ஆல்பர்ட் பேக்கரியும் பிற்பகலில்தான் திறக்கிறது. ஆகவே துணிப்பையோடு ஓரமாக நின்று, யூனிஃபார்ம் கூட்டம் இறங்கியதும் அதன் நடுவில் புகுந்துகொள்கிறார்கள். குழந்தைகள் ஓடுகின்றன, தள்ளிக்கொள்கின்றன, நின்று ஷூ லேஸ் கட்டுகின்றன. கடைசிக் குழந்தை அக்கரை சேரும் வரை ஹாரன் அடிக்க யாருக்கும் தைரியம் வருவதில்லை.