தாய்ச்செடியும் தாய்ப்படமும்

தேயிலைக் கன்று எப்படி உண்டாகிறது என்று தோட்டத்துக் குடும்பங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல தாய்ச்செடி ஒன்றைத் தேர்ந்து, ஓர் இலையோடு ஒரு துண்டு வெட்டி, நாற்றங்காலில் மண் நிரப்பிய பையில் நட்டால் வேர் விடுகிறது. தாய்ச்செடியின் நற்குணம் அதிலிருந்து எடுத்த எல்லாக் கன்றுக்கும் வரும். அதில் ஒரு குறை இருந்தால் அதுவும் எல்லாக் கன்றுக்கும் வரும். கணினியில் வரைகின்ற இயந்திரப் படங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

நம் பிள்ளைகள் மலையிறங்கி, ஈப்போவில் 1969-இல் தொடங்கப்பட்ட உங்கு ஓமார் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் இயந்திரப் பிரிவிலோ கட்டடப் பிரிவிலோ சேர்ந்தால், அங்கே வரைதல் என்பது பெரும்பாலும் கணினி வேலைதான். ஆட்டோகேட் என்னும் மென்பொருள் 1982-இல் வெளிவந்தது. அதன் பிறகு நீலத்தாளும் வரைபலகையும் மெல்ல மெல்ல ஒதுங்கின. கணினிப் படத்தின் பெரிய வசதி, ஒருமுறை வரைந்ததை மறுபடி வரைய வேண்டாம் என்பது. பழைய படத்தை எடுத்து, இரண்டு அளவை மாற்றி, புது வேலைக்குக் கொடுத்துவிடலாம். ஆபத்தும் அந்த வசதியோடு ஒட்டியே வருகிறது.

படமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலையே சாட்சி. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்து, தாம் கண்ட மேட்டுநிலத்தைப் பற்றிச் சொன்னார். (ஓராங் அஸ்லி மக்களுக்கு அது புதிய இடமே அல்ல என்பது வேறு கதை.) ஆனால் இன்ன இடம் என்று பிறர் அறிந்து போய்ச் சேரும்படியான வரைபடத்தை அவர் விட்டுச் செல்லவில்லை. மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. வேலையோ 1920-களில்தான் சூடு பிடித்தது. 1929-இல் போ தோட்டம் தொடங்கியது. தாப்பாவிலிருந்து வரும் சாலை 1931-இல் திறந்தது. ஆகவே படம் வேண்டும். ஆனால் படம் கையில் இருந்தால் மட்டும் போதுமா?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தேயிலைத் தொழிற்சாலையில் டிரையரின் சங்கிலி ஓடும் இடத்துக்கு ஒரு தகட்டு மூடி செய்ய வேண்டும். கை உள்ளே போகாமல் காக்கின்ற மூடி அது. பட்டறையில் இருக்கும் நம் பையன், வேறோர் இயந்திரத்துக்கு முன்பு செய்த மூடியின் படத்தைக் கணினியில் தேடி எடுக்கிறான்.

முதலில் பார்க்க வேண்டியது அலகு. மலேசியா 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறைக்கு மாறியது. பழைய ஆங்கிலேய இயந்திரங்களோ அங்குலக் கணக்கில் பிறந்தவை. கணினிக்கு 12 என்பது வெறும் 12. அது அங்குலமா மில்லிமீட்டரா என்று படத்துக்குள் குறித்து வைத்திருந்தால்தான் அதற்குத் தெரியும். குறிக்காத அங்குலப் படத்தை மில்லிமீட்டர் படத்துக்குள் கொண்டுவந்தால், பொருள் 25.4 மடங்கு சிறுத்துப்போய் நிற்கும். முழு மூடியும் சிறுத்தால் கண்ணில் பட்டுவிடும். ஓர் ஓட்டை மட்டும் பழைய கணக்கில் இருந்தால் கண்ணை ஏமாற்றும். ஆகவே, எடுத்த படத்தில் நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு நீளத்தை அளந்து பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

அடுத்தது, எளிதில் தெரியாத ஒரு பொறி. போல்ட், கைப்பிடி போன்ற அடிக்கடி வரும் உருவங்களைப் பிளாக் என்று பெயரிட்டுச் சேமிப்பார்கள். பழைய படத்தில் ‘போல்ட்’ என்ற பெயரில் 10 மில்லிமீட்டர் போல்ட் இருக்கிறது. புதுப் படத்தில் அதே பெயரில் 8 மில்லிமீட்டர் போல்ட் ஏற்கெனவே இருக்கிறது என்போம். பழையதை நகலெடுத்துப் புதியதில் ஒட்டினால், ஆட்டோகேட் அங்கே ஏற்கெனவே உள்ள 8 மில்லிமீட்டர் உருவத்தையே போடும். பெயர் ஒன்றுதானே, பொருளும் ஒன்றுதான் என்பது அதன் எண்ணம். ஒரே லயத்தில் இரண்டு முனியம்மா இருந்தால் தபால் மாறிப் போவது போலத்தான். ‘போல்ட்’ என்று மொட்டையாக வைக்காமல், அளவையும் சேர்த்துப் பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

துளை பொருந்தாத மூடியைப் பட்டறையில் ஓரமாகச் சாய்த்து வைப்பார்கள். டிரையர் காத்திருக்காது, இலை வந்துகொண்டே இருக்கும். மூடியில்லாமல் சங்கிலி ஓடும். அதன் பக்கத்தில் நின்று வேலை செய்வது நம் வீட்டு ஆள்தான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஏர்பஸ் ஏ380 விமானத்தை ஜெர்மனியின் ஹம்பர்க்கிலும் பிரான்சின் துலூஸிலும் பகிர்ந்து வடிவமைத்தார்கள். காட்டியா என்னும் ஒரே மென்பொருளின் பழைய பதிப்பை ஓர் ஊரிலும் புதிய பதிப்பை மற்ற ஊரிலும் பயன்படுத்தினார்கள். படங்கள் சரியாக ஒத்துப்போகவில்லை. ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்கம்பி 500 கிலோமீட்டருக்கும் மேல். அது உரிய இடத்தில் எட்டவில்லை. 2006-இல் தாமதத்தை அறிவித்தார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 2007 அக்டோபரில்தான் போய்ச் சேர்ந்தது.

பழைய படத்தில் வேண்டாத கோடுகளும் பெயர்களும் சேர்ந்து கிடக்கும். தேயிலைக்குக் கவாத்து செய்வது போல இதற்கும் உண்டு. பர்ஜ் என்னும் கட்டளை, பயன்படாமல் கிடக்கும் பிளாக்குகளை நீக்கும். ஆடிட் என்னும் கட்டளை படத்தின் உட்பழுதைத் தேடும். ஆனால் தாய்ப்படத்தின் மீது கத்தி வைக்கக் கூடாது. முதலில் நகலெடுத்து, அதற்கு வேறு பெயரும் தேதியும் கொடுத்து, அந்த நகலில்தான் வேலை. தாய்ப்படத்தைப் படிக்க மட்டும் திறக்கும்படி பூட்டி வைப்பது நல்லது. ‘கடைசி’, ‘புதுக்கடைசி’, ‘மெய்யான கடைசி’ என்று பெயர் வைக்கும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. எது கடைசி என்று வைத்தவருக்கே மறந்துபோகும். தேதியும் திருத்த எண்ணும் போதும்.

பிறரிடமிருந்து வரும் படத்தில் இன்னொரு எச்சரிக்கை. ஆட்டோகேட்டுக்கென்றே எழுதப்பட்ட கிருமி நிரல்கள் உண்டு. படம் இருக்கும் கோப்புறையிலேயே ஒரு சிறு நிரல் கோப்பாக ஒளிந்திருந்து, படத்தைத் திறக்கும்போது தானும் ஓடத் தொடங்கும். 2012-இல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்த அப்படியொரு கிருமி, பெரும்பாலும் பெரு நாட்டில் பரவி, ஆயிரக்கணக்கான படங்களைச் சீனாவில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்குத் திருடி அனுப்பியது. அதன் பிறகு வந்த பதிப்புகள், நம்பிக்கைக்குரிய இடம் என்று நாம் குறிக்காத இடத்திலிருந்து நிரல் ஓட முயன்றால் எச்சரிக்கை காட்டுகின்றன. அந்த எச்சரிக்கையைப் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்துவதுதான் வழக்கமாக நடக்கிறது. பென் டிரைவில் யாரோ தரும் முழுக் கோப்புறையையும் அள்ளிக்கொள்ளாமல், வேண்டிய படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கள்ளப் பிரதி மென்பொருளும் வேண்டாம். ஃப்ரீகேட், லிப்ரேகேட் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் பழகுவதற்கு அவை தாராளமாகப் போதும்.

மலையில் இடி இடித்து மின்சாரம் போகும் நாட்கள் நமக்குப் புதிதல்ல. ஆட்டோகேட் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய நிலையை பி.ஏ.கே. என்ற பின்பெயரோடு பக்கத்திலேயே வைக்கிறது. படம் பழுதாகிவிட்டால் அந்தக் கோப்பை வேறிடத்துக்கு நகலெடுத்து, பின்பெயரை டி.டபிள்யூ.ஜி. என்று மாற்றினால் திறக்கும். ஆனால் அது ஒரே ஒரு படி பின்னால் உள்ளது மட்டும். அதுவும் அதே கணினியில்தான் இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு முழுவதும் ஒரே பென் டிரைவில் இருக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே இன்னொரு நகல் எடுத்து ஈப்போவில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைக்கச் சொல்லுங்கள். எடுத்த நகலை ஒருமுறை திறந்தும் பார்க்கச் சொல்லுங்கள்.