80 பேர் வாசிப்பதை ஒருவர் வாசிக்கிறார்!

பழவேற்காடு ஏரியில் "பாடு" என்று ஒரு வழக்கம் உண்டு.

ஏரி ஒன்று. மீனவர்களோ பலர். எல்லோரும் ஒரே இடத்தில் வலை விரித்தால் என்ன ஆகும்? வலை சிக்கும், சண்டை வரும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்கள், தலைமுறை தலைமுறையாகச் சீட்டுப் போட்டு, முறை வைத்து மீன் பிடித்து வந்திருக்கிறார்கள். இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு. இதுதான் பாடு.

இதைப் போன்ற பங்கீடு சங்கீதத்திலும் உண்டு! மேல்நாட்டில் 60, 80 பேர் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசைக்கு "சிம்பனி" என்று பெயர். அதை "குழாய் ஆர்கன்" என்ற வாத்தியத்தில் ஒரே மனிதர் வாசிக்கும்படி பிரித்து எழுதுகிறார்கள்.

டச்சுக்காரரின் வாத்தியம்

ஆர்கனில் பேர் போனவர்கள் டச்சுக்காரர்கள். 1613-ம் ஆண்டில் பழவேற்காட்டில் "கெல்ட்ரியா" கோட்டையை அமைத்தவர்கள் இவர்களே. இவர்களுடைய கல்லறைகளை இன்றும் அங்கே காணலாம்.

அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஸ்வீலிங்க் என்ற மேதை ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது நகர நிர்வாகம்! வழிபாட்டு நேரம் போக, ஊர் ஜனங்கள் கேட்டு மகிழ அவர் வாசிப்பார்.

ஆர்கன் எப்படி இருக்கும்? ஆர்மோனியம் தெரியும் அல்லவா? அதைப் போலவே கட்டைகள் இருக்கும். கைகளுக்கு இரண்டு, மூன்று வரிசை. கால்களுக்குத் தனியாக ஒரு வரிசை. கட்டையை அழுத்தினால், காற்று பாய்ந்து குழாய் ஒலிக்கும். பனைமரம் போன்ற குழாயும் உண்டு. பென்சில் போன்ற குழாயும் உண்டு. முன்பு ஆட்கள் துருத்தி போட்டுக் காற்றுக் கொடுத்தார்கள். இப்போது அந்த வேலையை மின்சாரம் செய்கிறது.

சென்னை எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்திலும் குழாய் ஆர்கன் இருக்கிறது.

ஏழைக்கும் இசை

சிம்பனியை ஏன் ஆர்கனுக்கு மாற்றினார்கள்?

19-ம் நூற்றாண்டில் ரேடியோ கிடையாது. பெரிய வாத்தியக் கோஷ்டியை எல்லா ஊருக்கும் வரவழைக்க முடியுமா? செலவு தாங்காது. ஆனால் இங்கிலாந்தின் நகர மண்டபங்களில் ஆர்கன் இருந்தது. ஒருவர் வாசித்தால் போதும். குறைந்த கட்டணத்தில் தொழிலாளியும் கேட்கலாம்.

லிவர்பூலில் 1855-ம் ஆண்டில் பிரமாண்டமான ஆர்கன் ஒன்றை வைத்தார்கள். டபிள்யூ. டி. பெஸ்ட் என்பவர் சுமார் 40 ஆண்டுகள் அதை வாசித்தார். மேதைகளின் கோஷ்டி இசையை ஆர்கனுக்கு மாற்றி, புத்தகங்களாகவும் வெளியிட்டார்.

எதை விடுவது?

மாற்றி எழுதுவது எளிதல்ல. டிவோராக் எழுதிய "புதிய உலகம்" சிம்பனியைப் பாருங்கள். 1893-ம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது இது. இதன் இரண்டாம் பகுதியில், நம் நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் ஒரு குழல் தனியே உருகும். வயலின்கள் மெல்லப் பின்தொடரும். வலது கைக்குக் குழல், இடது கைக்கு வயலின், காலுக்கு அடிநாதம். பங்கு முடிந்தது!

ஆனால் எல்லா வாத்தியங்களும் ஒன்றாக முழங்கும்போது? இருப்பது பத்து விரல்தானே! முதலில் பாட்டைக் காப்பாற்ற வேண்டும், அடுத்து அடிநாதத்தை. மற்றவற்றில் முக்கியமானதை வைத்து, மற்றதை விட வேண்டும். பேரிகை அதிர்வதைக் காட்ட, கால்கள் இரண்டு கட்டைகளை மாறி மாறி மிதிக்கும். இந்தச் சிம்பனி முழுவதிலும் பெரிய தாளம் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கிறது. ஆர்கனில் அதற்கு இடம் ஏது?

ஏரியிலும் பாடு கிடைக்காதவர்களுக்கு மனக்குறை உண்டு. இங்கேயும் அப்படித்தான்!

இன்னொரு சங்கடம். வயலின்காரர் வில்லை அழுத்தினால் நாதம் பெருகும். ஆர்கன் கட்டையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஒன்றே! அதனால் சில குழாய்களைப் பெட்டிக்குள் வைத்து, ஜன்னல் போன்ற கதவு போட்டிருக்கிறார்கள். கதவு திறந்தால் ஒலி பெருகும், மூடினால் அடங்கும். அதை இயக்குவது யார்? அதே கால்தான்! அடிநாதமும் வாசிக்க வேண்டும். கதவும் திறக்க வேண்டும்.

இன்றும் எழுதுகிறார்கள்

இன்று கைபேசியிலேயே சிம்பனி கேட்கலாம். ஆனாலும் மாற்றி எழுதுவது நிற்கவில்லை. 1904-ம் ஆண்டில் அரங்கேறிய மாலரின் ஐந்தாவது சிம்பனி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். டேவிட் பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயக் கலைஞர் அதை முழுவதும் ஆர்கனுக்கு மாற்றி வாசித்திருக்கிறார். எண்பது பேர் பேசிய கதையை ஒருவர் வாயால் கேட்பதில் தனிச் சுவை இருக்கிறதே!

பழவேற்காட்டு ஏரியில் "பாடு" என்றால் பங்கு. வீட்டில் "பாடு" என்றால் கஷ்டம். மேடையில் "பாடு" என்றால் பாட்டு. பங்கு சரியாக இருந்து, கஷ்டமும் பட்டால்தான் பாட்டு பிறக்கும்!