லேசர் பேசினால் கராஜ் கதவு திறக்குமா?

திறக்கும். 2019-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து இதைச் செய்து காட்டினார்கள். குரல் கட்டளை கேட்டுக் கதவைத் திறக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கரின் மைக்குக்குள் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு; ஒலி பட்டால் அதிரும். குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப லேசரின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைத்து, மைக்கின் துளைக்குள் பாய்ச்சினால் அதையும் குரலாகவே மைக் எடுத்துக்கொள்கிறது. 110 மீட்டர் தொலைவிலிருந்தும் பலித்தது. ஜன்னல் கண்ணாடியும் தடுக்கவில்லை.

கதவைத் திறக்க ஸ்பீக்கர் கேட்கும் ரகசிய எண் காப்பாற்றாதா? நான்கு இலக்க எண்ணில் மொத்தமே 10,000 வாய்ப்புகள்தான். தவறான முயற்சிகளுக்கு வரம்பு இல்லையென்றால், கணினி அலுக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கும். எனக்குப் பெரிய கவலை இதுதான். ஸ்பீக்கரை ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். குரலால் கதவை மூடும் வசதி இருக்கட்டும். திறக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள்.