குற்றாலத்தின் இரு கருப்பன்கள்

சாரல் ஓய்ந்து வெயில் ஏறும் நாள்களில், தென்காசி, குற்றாலம் வட்டாரத்துச் சாலையோரங்களில் காய்ந்து நிற்கும் கிலுகிலுப்பைச் செடிகளைக் கரும்பழுப்புப் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதுண்டு. அவற்றுள் பல வெண்புள்ளிக் கருப்பன் எனப்படும் யூப்ளோயியா கோர் இனத்தவை. இறக்கையோரத்தில் அதே வெண்புள்ளி வரிசையைத் தாங்கிய யூப்ளோயியா சில்வெஸ்டர் இனமும் உடன் அமர்ந்திருந்தால், பழகிய கண்ணும் ஏமாறும்.

இரண்டின் புழுக்களும் அரளி போன்ற, பால் கசியும் செடிகொடிகளைத் தின்று வளர்பவை. வளர்ந்த பூச்சிகள் பறவைகளுக்குக் கசப்பவை. ஆனால் இளம் பறவை சிலவற்றைக் கொத்திப் பார்த்தே அதை அறிகிறது என்பதால், கசப்புள்ள இரு இனங்கள் ஒரே தோற்றம் கொண்டால் அந்த உயிரிழப்பை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன என்று, பிரேசிலில் வாழ்ந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் ஃபிரிட்ஸ் மியுல்லர் 1879-இல் கணக்கிட்டுக் காட்டினார். இதுவே மியுல்லர் ஒப்புமை. கசப்பே இல்லாத மலபார் ரேவன் என்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பட்டாம்பூச்சியும் இதே உடையை அணிந்து தப்புகிறது. கருப்பன் நான்கு கால்களில் நிற்க, அது ஆறு கால்களிலும் நிற்பதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

தோற்றம் ஒன்றாகிவிட்டால் இணையை அறிவது எப்படி என்பதே இதில் ஆழமான கேள்வி. தென்னமெரிக்காவின் ஹெலிகோனியஸ் பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே இணை தேடுகின்றன. பறவைகளுக்காக நிறத்தை ஒன்றாக்கிக்கொண்ட கருப்பன்களுக்கு அந்த வழி போதாது. ஆண் கருப்பனின் முன்னிறக்கையில், பின்விளிம்பை ஒட்டி, வெண்புள்ளிக் கருப்பனுக்கு ஒரு கோடும் சில்வெஸ்டருக்கு இரண்டு கோடுகளுமாக அமைந்திருப்பவை மணச் செதில்களாலான தழும்புகள். வயிற்றின் நுனியிலிருந்து விசிறிபோல் விரியும் மஞ்சள் மயிர்த்தூரிகையும் மணம் பரப்புகிறது. நிலமோ கடலோ பிரித்துவைத்த கூட்டங்களில் இத்தகைய மணமும் அதை ஏற்கும் பெண்ணின் விருப்பமும் தலைமுறைதோறும் சிறிது சிறிதாக விலகினால், பின்னர் அவை ஒரே செடியில் சந்தித்தாலும் கலப்பது அரிதாகிவிடும். இனங்கள் பிரியும் முதன்மையான வழிகளுள் இதுவும் ஒன்று.

அந்த மணத்திற்கான மூலப்பொருளை ஆண் தன் உடலில் தானே உண்டாக்குவதில்லை. கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்குச் செடியிலும் உள்ள ஆல்கலாய்டு என்னும் கசப்புச் சத்தை, காய்ந்த தண்டிலிருந்தும் கசங்கிய இலையிலிருந்தும் உறிஞ்சியே அது தூரிகையை மணக்கச் செய்கிறது. களை என்று சாலையோரம் முழுவதும் செதுக்கி எறியப்படுபவை இந்தச் செடிகள்தான். அவை கிடைக்காத ஆணின் தூரிகையில், பெண் அடையாளம் காணும் அந்த மணம் இராது.